பவளராணிக்குப் பின்னால் வந்த மலை

எங்களுக்குப் பின்னால் ஒரு மலை வந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டவர் குணநாயகம் அண்ணை. இரண்டாவது குடிலின் பின்புறத்தில் ஒதுங்கப் போன இடத்தில் கண்டதால் அவர் அதை ஓடிவந்து சொல்லவில்லை. காற்சட்டையைச் சரிசெய்து, ஓடையில் கை கழுவி, உள்ளே வந்து, தேத்தண்ணிக்கு ஒளித்து ஒளித்துச் சீனி போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்த பிறகுதான் சொன்னார்.

"நேற்றைய மலை வந்து வெளியிலை நிக்குது."

"எந்த மலை?"

"முதல் குடிலுக்கு முன்னாலை நிண்டதே, நெத்தியிலை பனியோடை. அதுதான்."

நாங்கள் எல்லோரும் யன்னலை மொய்த்துக்கொண்டு பார்த்தோம். அதேதான். நாள் முழுக்க நடந்து, ஆறுகளைக் கடந்து, சதுப்பில் முழங்கால் வரை புதைந்து நாங்கள் தாண்டி வந்த தூரத்தை அதுவும் தாண்டி வந்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது. நெற்றியில் அதே பனித்திட்டு, இடுப்பில் அதே பிர்ச் மரங்கள், மடியில் அதே செம்மறிகள். எங்கள் வழிகாட்டி சிக்ரிட் வந்து எட்டிப் பார்த்தாள், ஓம், அதுதான் என்றாள், ஈரக் காலுறைகளை அடுப்புக்கு மேலே கம்பியில் போடுங்கள் என்றாள். மலைகள் போவதுண்டு, பெரும்பாலும் பனிக்காலத்தில் ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போகும், கோடையில் இப்படி ஆட்களுக்குப் பின்னால் வருவது கொஞ்சம் குறைவு என்று அவள் சொன்ன விதம், பஸ் பிந்தியதற்குச் சாரதி சொல்லும் விளக்கம் மாதிரித்தான் இருந்தது.

நாங்களும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நாங்கள் மலையே இல்லாத ஊர் ஆட்கள். யாழ்ப்பாணத்தில் நிலம் தட்டையாக விரித்த பாய். மலைகள் என்ன செய்யும், என்ன செய்யாது என்று எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வடக்கே மாதக்கணக்காகச் சூரியன் வராது என்றார்கள், நம்பினோம். கோடையில் வந்த சூரியன் போகவே போகாது என்றார்கள், அதையும் நம்பினோம். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தால் முகம் பார்க்காத இந்தச் சனம் மலையில் கண்டால் மட்டும் முன்பின் தெரியாதவருக்கும் பல்லைக் காட்டி வணக்கம் சொல்லும் என்றார்கள், அதை நம்பத்தான் கொஞ்சக் காலம் பிடித்தது. இவ்வளவையும் விழுங்கியவர்களுக்கு ஒரு மலை பெரிய கவளமில்லை.

நாங்கள் என்றால் ஒஸ்லோவின் ஞாயிற்றுக்கிழமை நடைக்காரர். எங்கள் எல்லோருக்கும் ஒரே வைத்தியர், ஒரே சீனி வருத்தம், ஆகவே ஒரே புத்திமதி: நடவுங்கள். ஏரியைச் சுற்றி நடப்போம். நடந்து முடித்து வாங்குப் பலகையில் இருந்து வடை சாப்பிட்டு, குறைத்ததை அங்கேயே திரும்பக் கூட்டிக்கொள்வோம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவரும் கோயில் சபைக்காரருமான குணநாயகம் அண்ணைதான் ஒருநாள், இந்த நாட்டின் உப்பை இவ்வளவு காலம் தின்றுவிட்டு அதன் தலையைப் பார்க்காமல் சாகலாமா என்று கேட்டு எங்களைக் கிளப்பினார். வடக்கே, மரங்கள் கட்டையாகிக் கடைசியில் இல்லாமலே போகிற நாட்டில், ஒரு வழிகாட்டியின் பின்னால் குடிலுக்குக் குடில் நடப்பது. ஒரு நாள் நடைக்கு ஒரு குடில், எல்லாமாக ஐந்து. தண்ணீரை ஓடையில் அள்ள வேண்டும், விறகை நாமே பிளக்க வேண்டும், சாமானை நாமே முதுகில் சுமக்க வேண்டும்.

ஏரிக்கரைக்கே ஒருநாளும் வராத பவளராணி, எங்களுக்குப் பவளமக்கா, கடைசிக் குடில் எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்ட அந்தக் கிழமையே மலைச் சப்பாத்து வாங்கிவிட்டாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை அவளிடம் மட்டும் கதைக்காமல் மற்ற எல்லோரிடமும் கதைப்பதுதான் எங்கள் வழக்கம். அந்தக் கடைசிக் குடிலைப் பார்த்துக்கொள்கிறவள் அவளுடைய மகள் ஆரணி.

புருஷன் நேரத்தோடு போய்ச் சேர்ந்த பிறகு பவளமக்காவுக்கு அந்தப் பிள்ளைதான் உலகம், உலகத்தை ஆர்தான் விட்டுவிட்டு இருப்பார்கள். ஆரணி டொக்டருக்குப் படிக்கப் பேர்கனுக்குப் போனபோது, அடுத்த தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு அவளும் போனாள். படிப்பை விட்டுவிட்டுப் பிள்ளை இன்னும் வடக்கே துரொம்ஸோவுக்குப் போனபோது, அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை தேடிக்கொண்டு அங்கேயும் போனாள். எந்த ஊரானாலும் ஆரணி காலையில் திரையை விலக்கினால், எதிர்ப்பக்கத்துப் பஸ் தரிப்பில் அம்மா சோற்றுப்பெட்டியைச் சால்வைக்குள் சூடாக அணைத்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் பஸ்ஸே போகாத இடமாகப் பார்த்துப் பிள்ளை போய்விட்டது. "அம்மா, தயவுசெய்து இஞ்சை வராதேங்கோ, நீங்கள் வந்தால் எனக்கு மூச்சு விட இடமில்லை" என்று போனில் சொன்னது; அதற்குப் பிறகு இரண்டு பனிக்காலமாக ஒரு சத்தமும் இல்லை. ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்த பவளமக்கா அதை எங்களிடம் ஒரு வருத்தத்தைச் சொல்வது போலத்தான் சொல்லித் திரிந்தாள். "பிள்ளைக்கு மூச்சு முட்டுதாம், அந்தக் குளிருக்குள்ளை ஆர் பார்க்கிறது?" என்று சொல்லி, திப்பிலியும் மல்லியும் வறுத்து இடித்துப் பையில் கட்டிக்கொண்டாள். விளங்கவில்லையா, விளங்க மனமில்லையா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மலை பின்னால் வரத் தொடங்கியதற்கும் அவள்தான் காரணம் என்பது மூன்றாவது குடிலில்தான் தெரிய வந்தது. அதற்குள் அது அங்கேயும் வந்து நின்றது. ஒருவரும் அது நடப்பதைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அது நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் நிற்கும் இடம்தான் ஒவ்வொரு தடவையும் வேறு. அதன் தோளில் கூடாரம் அடித்துப் படுத்திருந்த இரண்டு ஜெர்மன்காரர் காலையில் எழும்பி இறங்கி வந்து, இது எந்த மாவட்டம் என்று மரியாதையாகக் கேட்டு, எங்களிடம் கோப்பி வாங்கிக் குடித்துவிட்டு, வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கமாகப் போனார்கள். இரண்டாவது குடிலைப் பார்க்கும் அம்மா, மலை தன் மஞ்சள் பழச் சதுப்பின் மேல் நின்றுவிட்டுப் போனதில் இந்த வருடம் ஜாம் காய்ச்ச ஒன்றும் மிஞ்சவில்லை என்று சிக்ரிட்டைப் போனில் பிடித்து ஏசினாள். உள்ளூராட்சியிலிருந்து ஓர் அலுவலர் அழைத்து, பனிச்சறுக்குத் தடம் போட வேண்டியிருக்கிறது, மலை பனிக்காலம் வரை நிற்குமா, அல்லது இடையில் போய்விடுமா என்று கேட்டார். மலைநடைச் சங்கத்து ஆள் ஒருவர் சிவப்புப் பெயின்ற் வாளியோடு வந்து, எங்கே நின்றாலும் பாதை பாதைதான் என்று சொல்லி, அதன் பாறைகளில் அடையாளம் போடத் தொடங்கினார்.

முதலில் அது நின்ற இடத்தில் வெயில் விழத் தொடங்கியிருந்தது. அதன் அடிவாரத்துப் பண்ணையில் பிறந்து வளர்ந்து, பின்னேர வெயிலை ஒருநாளும் கண்டிராத கிழவி ஒருத்தி, கதிரையை வெளியே இழுத்துப் போட்டு அதில் இருந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்கிறாளாம். மலையைத் திருப்பிக் கொண்டுவந்து விடாதீர்கள் என்று அந்தப் பண்ணை வீட்டார் எங்களுக்கு ஒரு கேக் கொடுத்தனுப்பினார்கள்.

குணநாயகம் அண்ணை மட்டும் வேறு கணக்குப் போட்டார். "உங்கை பாருங்கோ, இது எங்கடை ஆளுக்குப் பின்னாலை வந்த மலை. அப்ப இது தமிழ்ச் சனத்தின்ரை மலை. மலையெண்டால் மேலை முருகனை வைக்காமல் விடுறதோ?" என்றார். இதை அவர் ஒஸ்லோவுக்குப் போனில் சொல்ல, அங்கே ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருந்த கோயில் சபை, கும்பாபிஷேகத்தை எந்தப் பிரிவு நடத்துவது என்று அன்று மாலையே மூன்றாகப் பிரிந்தது. மலை கேட்டுக்கொண்டிருந்ததோ தெரியாது. அது எங்களை ஒருநாளும் பார்க்கவில்லை. அது பார்த்ததெல்லாம் பவளமக்காவை மட்டுந்தான்.

அவளுக்கு முதலில் வெட்கம். பிறகு, மறைப்பானேன், கொஞ்சம் பெருமை. சீப்பை எடுத்து வழமையில்லாமல் தலை வாரிக்கொண்டாள். மலையும் தன்னால் ஆனதெல்லாம் செய்தது. காற்று எந்தப் பக்கத்தால் வந்தாலும் அந்தப் பக்கத்தில் நின்று மறித்தது. அவள் வாளியோடு ஓடைக்கு நடக்கக்கூடாதென்று தன் ஓடையைக் குடில் வாசலுக்கே திருப்பி விட்டது, வாசலில் கழற்றி வைத்திருந்த எங்கள் சப்பாத்துகள் எல்லாம் மிதந்தன. அவள் இருமினால் அதுவும் இருமியது. அவள் எங்கே இருந்தாலும் அங்கே அதன் நிழல் வந்து விழுந்தது. நாங்கள் எல்லோரும் வெயிலில் காய, அவள் ஒருத்தி மட்டும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு குளிரில் இருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு சட்டை மாத்த ஏலாமல் கிடக்கு," என்று என்னிடம் சினந்தாள். "கண்ணை எடுக்குதில்லை. எனக்கு என்ன, ஓடிப் போகப் போறனே?"

மூன்றாவது குடிலுக்கு, பனிமான் மந்தை வைத்திருக்கும் நீல்ஸ் என்பவர் வந்தார். அவருடைய மான்கள் வழமையாகப் போகும் வழியில் மலை வந்து குந்திவிட்டதால், அவை சுற்றிப் போக வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை, எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதற்கு ஆர் சாப்பாடு போட்டது?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் எங்களுக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. பவளமக்காவுக்குச் சனி விரதம். மகளுக்காகப் பிடிக்கிற விரதம், காகத்துக்கு வைக்காமல் வாயில் ஒன்றும் வைக்க மாட்டாள். முதல் குடிலில், விறகடுப்பில் சோறு வடித்து, எள்ளும் நெய்யும் விட்டுப் பிசைந்து, வெளியே ஒரு தட்டைக் கல்லின் மேல் வைத்து, அந்த வெறும் வெளியைப் பார்த்து "கா, கா" என்று நெடுநேரம் கூப்பிட்டாள். கண்ணுக்கெட்டிய வரை காகம் ஒன்றும் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு முன்னால் இருந்தது அந்த மலை ஒன்றுதான். காலையில் கல் வெறுமையாக இருந்தபோது, எங்கேயோ ஒரு காகம் வந்து தின்றிருக்கிறது, பிள்ளைக்கு நல்லது நடக்கும் என்று சந்தோசப்பட்டாள். குடிலின் சுவரில், மிருகங்களுக்கு உணவு போட வேண்டாம் என்று எழுதித்தான் இருந்தது. மலைகளுக்குப் போட வேண்டாம் என்று எழுத ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அது பிறந்த நாளிலிருந்து அதை ஒருவரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை," என்றார் நீல்ஸ். "இனி அது விடாது."

நாலாவது குடிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று சிக்ரிட் எங்களை மேசையைச் சுற்றி இருத்தினாள். அவள் முகம் அப்படி இறுகி நாங்கள் பார்த்ததில்லை. நாளைக்குப் போக வேண்டிய கணவாய் இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவில் இருக்கிற ஒடுக்கமான வெட்டு, மாடு ஒன்று போகலாம், மலை போகாது. ஆனால் பவளராணி போனால் மலையும் போகப் பார்க்கும். நெருக்கிக்கொண்டு போகும்போது பாறையெல்லாம் உடைந்து அந்தப்பக்கத்து ஏரிக்குள் விழும், ஏரி எழும்பும், ஏரிக்கரையில் இருப்பது ஆரணியின் குடில். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்கள் வர முடியாது, பவளராணி," என்றாள்.

"நான் இவ்வளவு தூரம் வந்தது ஆரைப் பார்க்க?" என்று மட்டும் கேட்டாள் பவளமக்கா. பிறகு யன்னலடியில் போய் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து அழுதாள், எங்களால் பார்க்க முடியவில்லை. கணவாய்க்கு அந்தப்பக்கம் ஒரு நாள் நடையில் பிள்ளை இருக்கிறது. பேர்கன், துரொம்ஸோ, எவ்வளவு தூரமெல்லாம் போனவளுக்கு இந்தக் கடைசித் துண்டு இல்லை.

எனவே நாங்கள் ஒரு தந்திரம் செய்தோம். அடுத்த நாள் காலையில் பால் மாதிரிப் பனிப்புகார் இறங்கியிருந்தது. பவளமக்கா குணநாயகம் அண்ணையின் பெரிய மழைக்கோட்டைப் போட்டு, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். குணநாயகம் அண்ணை அவளுடைய சிவப்புச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, மலைக்குத் தெரியும்படி யன்னலடியில் இருந்தார். கண்ணை மூடி, பெண்பிள்ளை மாதிரி நாணமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் இருந்த கோலத்தைப் பார்த்துச் சிக்ரிட்டே சிரித்துவிட்டாள். நாங்கள் ஒருவர் பேரை ஒருவர் சொல்லாமல், தடியைக் கல்லில் ஊன்றாமல், செருமலை விழுங்கிக்கொண்டு, கள்ளர் மாதிரிப் புறப்பட்டோம்.

பாதித் தூரம் போயிருப்போம். முன்னால் கணவாயின் வாய் கறுப்பாகத் தெரியத் தொடங்கியது. பவளமக்கா எல்லோரையும் முந்திக்கொண்டு, முட்டு நோவெல்லாம் மறந்து, கிட்டத்தட்ட ஓடினாள். அப்போது பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டது. ஒரு கல், பிறகு பல கல். புகார் ஒரே மூச்சில் விலகியது.

மலை எங்களுக்குப் பின்னால் நின்றது. ஆனால் அது எங்களுக்குத் தெரிந்த மலை இல்லை. வந்த அவசரத்தில் அதன் பிர்ச் மரங்களில் பாதி வழியெங்கும் விழுந்து, மீதி வேரில் தொங்கிக்கொண்டிருந்தன. நெற்றிப் பனி சரிந்து முகத்தை மறைத்திருந்தது. ஓடை தன் வழியைத் தவறவிட்டு, நாலு பக்கத்தாலும் வடிந்துகொண்டிருந்தது. செம்மறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. அதற்கு முன்னால், சால்வை தோளில் நழுவி விழ, குணநாயகம் அண்ணை இரைக்க இரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். மலை மூச்சு வாங்கியது; அந்த ஈரக்கல் மணமுள்ள மூச்சு எங்கள் எல்லோருடைய முகத்திலும் அடித்தது.

பவளமக்கா மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பி நின்று கத்தினாள்.

"ஏன் இப்பிடி ஓடி வந்தனி? ஆர் உன்னை வரச் சொன்னது? உனக்கு வெக்கமில்லையோ? வேண்டாமெண்டுதானே சொல்லாமல் கொள்ளாமல் போறம், அது கூடவோ விளங்கேல்லை உனக்கு?"

மலையிலிருந்து ஒரு சின்னக் கல் மட்டும் அவள் காலடி வரை உருண்டு வந்து நின்றது.

அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கோபமெல்லாம் முகத்தை விட்டுப் போனது. போய் ஒரு பாறையில் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அவள் திரையை விலக்கிப் பார்க்கேக்கை, நானும் இப்பிடித்தான் நிண்டிருப்பன், என்ன?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை ஐஸ் மாதிரிக் கிடந்தது. சிக்ரிட் கூட அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பவளமக்கா எழும்பி, தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிர்ச் கிளையைப் போய் நேராக நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள், அது நிற்கவில்லை. "நீங்கள் போங்கோ," என்றாள் எங்களிடம். "நான் இதைக் கூட்டிக்கொண்டு குடிலுக்குத் திரும்பிப் போறன். ஆரணியிட்டை ஒண்டும் சொல்லாதேங்கோ. அம்மா அழுதவ, அம்மா பாவம் எண்டு ஒரு வார்த்தை போகக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

எல்லோரும் சத்தியம் பண்ணினார்கள். திப்பிலி, மல்லி, மிளகாய்த்தூள், ஒடியல் என்று அவள் இவ்வளவு நாளும் முதுகு வளையச் சுமந்து வந்த பொட்டலங்களைக் கொடுத்துவிடவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மறுபடியும் ஓர் ஆளைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது என்று சிக்ரிட் சொன்னதால், முட்டு வீங்கியிருந்த நான் அவளோடு நின்றேன். மலையின் ஓரத்தால் சுற்றிப் போய், அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி நடந்தோம். மெதுவாக, ஏனென்றால் அதுவும் களைத்திருந்தது.

மற்றவர்கள் கடைசிக் குடிலுக்குப் போனபோது நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். ஆரணிக்கு, வருகிறவர்களில் அம்மாவும் ஒருத்தி என்று சங்கத்தின் மூலம் முன்னமே தெரிந்திருக்கிறது. அம்மா வந்தால் என்ன சொல்வது என்று கிழமைக்கணக்காகத் தனக்குள் சொல்லிப் பார்த்து, ஒரு சண்டைக்கு வேண்டியதெல்லாம் ஆயத்தமாக வைத்திருந்திருக்கிறாள். மேசையில் அம்மாவுக்கும் ஒரு தட்டு வைத்திருந்திருக்கிறாள். எல்லோரும் உள்ளே வந்து சப்பாத்துக் கழற்றிய பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு, "அம்மா எங்கை?" என்று கேட்டிருக்கிறாள்.

மலை நடந்ததை விடப் பெரிய அதிசயம் அங்கேதான் நடந்தது. எங்கள் சனம் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் பேசி முடியுமுன் பிள்ளைப்பேறு வரை கதைத்து முடிக்கிற ஆட்கள், ஆளுக்கொரு வாபிள் பணியாரத்தை வாய்க்குள் அடைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்கள். குணநாயகம் அண்ணை மூன்று வாபிள் அடைத்தார், சத்தியத்தைக் காக்கச் சீனியைப் பார்க்க முடியுமா என்றார் பிறகு. ஆரணி ஒருவரிடமும் மறுபடி கேட்கவில்லை. வெளியே போய் ஏரிக்கரையில் நின்று, வந்த பாதையை அண்ணாந்து பார்த்தாள். கணவாய்க்கு மேலே, முந்தின நாள் வெறும் வானமாக இருந்த இடத்தில், தலையில் பனியோடு ஒரு மலை நின்றது.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன்னம் கணவாயின் வாயில் ஒரு புள்ளி தெரிந்தது. நாங்கள் குடில் வாசலில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அந்த நடையைப் பார்த்தவுடனே பவளமக்காவுக்குத் தெரிந்துவிட்டது, பெற்றவளுக்குத் தெரியாதா. எழும்பி ஓர் அடி வைத்தாள். பின்னால் மலையில் ஒரு கல் அசைந்தது. அவள் நின்றாள். திரும்ப வந்து வாங்கில் இருந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் இருந்துகொண்டாள். அந்தப் புள்ளி ஆளாகி, ஆள் முகமாகிறவரை அவள் அப்படியே இருந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை அதுதான் என்று நான் எங்கேயும் சொல்வேன்.

ஆரணி கொஞ்சம் தள்ளி நின்றாள். வெயிலில் கறுத்து, தாயை விட உயரமாக வளர்ந்த பிள்ளை மாதிரித் தெரிந்தாள். முதலில் மலையைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

"ஏன் வரேல்லை?" என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"நீ கூப்பிடேல்லையே, பிள்ளை."

ஆரணி ஆயத்தமாக வைத்திருந்ததெல்லாம் வேறு கேள்விகளுக்கான பதில்கள். அவள் கண்ணைத் துடைத்த விதத்தில் சின்னப் பிள்ளையாகத் தெரிந்தாள், புறங்கையால். "அப்ப வாங்கோ," என்றாள். "நான்தானே இப்ப கூப்பிடுறன். வாங்கோ அம்மா."

இரண்டு பனிக்காலமாகப் போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவள் அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். ஆனால் வாங்கை விட்டு எழும்பவில்லை. "ஏலாது ராசாத்தி," என்றாள். "நான் வந்தால் இதுவும் வரும். கணவாய் இடியும், உன்ரை ஏரி எழும்பும். அது பாவம், அதுக்கு என்னை விட்டால் ஆர் இருக்கினம்? உனக்கு வர மனமிருக்கேக்கை நீ வா. இல்லாட்டி வராதை. நான் இஞ்சை இருப்பன்."

"பனிக்காலத்திலுமோ?"

"அதுக்கென்ன, பனிக்கு இது மறைப்பு நிக்கும்."

ஆரணி மறுபடியும் மலையைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் பார்ப்பது மாதிரி நெடுநேரம் பார்த்தாள். பிறகு முதுகுப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, வாங்கின் மறு நுனியில் இருந்து, பருப்புத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் தட்டு இருந்தது. கல்லைப் பொறுக்கினார்கள்.

எங்கள் காலுக்கு ஒரு நாளான நடை ஆரணிக்கு அரை நாள்கூட இல்லை; அவள் அடுத்த நாளும் பாதி வழியிலிருந்தே கையைக் காட்டிக்கொண்டு வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். நாலாவது குடிலைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால், பவளமக்கா அங்கேயே நிற்கச் சங்கத்தாரும் சம்மதித்தார்கள். நான் புறப்பட வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கு ஆரணி வரவில்லை. பவளமக்கா சமைத்ததை இறக்கி மூடி வைத்துவிட்டு, வாசலில் வந்து இருந்தாள். அவள் கணவாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மலை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் சுற்றிச் சுற்றி வந்ததே ஒழிய இறங்கவில்லை, கணவாயில் ஒரு புள்ளியும் தெரியவில்லை. நான் பையைத் தோளில் போட்டபோது அவள் "வருவாள்" என்றாள், மிகவும் மெதுவாக, ஆறுதல் சொல்கிற குரலில். அது தனக்குச் சொன்னதா, பின்னால் நின்ற மலைக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.